கூச்சமுள்ள பிள்ளைகளும் மலை முகாமும்



ஒரு பிள்ளையின் தைரியத்தை அளக்க நமது சபைகளில் நாம் வைத்திருக்கும் அளவுகோல் ஒலிவாங்கி ஒன்றே. ஓய்வுநாள் பள்ளி ஆண்டு விழாவில் மனப்பாட வசனத்தைத் தடங்கலின்றிச் சொல்லும் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் பிள்ளையோ, "ரொம்பக் கூச்சம், ஐயா" என்று அதன் காதுபடவே அறிமுகம் செய்யப்படுகிறது. பின்பு அந்தக் கூச்சத்தைப் போக்குவதாக எண்ணி, அதே மேடைக்கு அதை இழுத்து வருகிறோம். இது மருந்தன்று என்பது என் துணிபு.

மே மாத விடுமுறையில் வாலிபர் ஐக்கியம் நடத்தும் மலை முகாமுக்கு இத்தகைய பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். "அவன் யாரோடும் சேர மாட்டான்" என்கிறார்கள். அதற்காகவே அனுப்புங்கள் என்கிறேன்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் ஏறக்குறைய 20 சிறுவர்களுடன் நடத்திய முகாமிலிருந்தே சாரணர் இயக்கம் வளர்ந்தது. செல்வந்தர் பள்ளிகளில் பயின்றவர்களும், திருச்சபைகளோடு இணைந்த பாய்ஸ் பிரிகேட் அமைப்பின் எளிய வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தனர். அவர் அவர்களை 4 சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். அணியின் அளவே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. ஐந்து பேர் உள்ள இடத்தில் எவரும் மறைந்துகொள்ள முடியாது. ஒடுங்கி நிற்கவும் தேவையில்லை. ஒருவன் கூடாரக் கயிற்றைப் பிடித்தால்தான் மற்றவன் முளையடிக்க முடியும். விறகு பொறுக்கச் சென்றவள் திரும்பினால்தான் கஞ்சி கொதிக்கும். எல்லாருடைய கண்களும் கயிற்றின்மேலும் அடுப்பின்மேலும் இருக்கின்றன. "இறுக்கிப் பிடி", "கொஞ்சம் தளர்த்து" என்று பேச்சு அந்த வேலையினூடே தானாகப் பிறக்கிறது.

மந்த நாவுடையவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட மோசேயை ஆண்டவர் தனியே அனுப்பவில்லை. கையிலிருந்த கோலை எடுத்துச் செல்லச் சொன்னார்; ஆரோனையும் துணையாக்கினார்.

வாலிபர் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசி இரவில் தீமூட்டி வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொல்லியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவது, மேடையை மலைக்குத் தூக்கிச் செல்வதேயாகும். பாறையில் பாதி ஏறி நின்றுவிட்ட பிள்ளை கேலியின்றி இறங்கி வரட்டும். மறுநாள் அதுவே கேட்டு ஏறக்கூடும், ஏறாமலும் போகலாம். நடைப்பயணத்தில் ஒரு பெரியவரோடு வரிசையின் கடைசியில் நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் தலைகளை எண்ணும் பொறுப்பை அமைதியான பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். அதிகம் பேசாதவர்கள் பெரும்பாலும் நன்றாகக் கவனிப்பவர்கள்.

வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை பள்ளியில் மாதக்கணக்கில் வாய் திறப்பதில்லை என்றால், அது முகாம் தீர்க்கும் காரியமன்று; குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மற்றவர்கள் இந்த ஞாயிறு ஆராதனைக்குப்பின் பெயர் கொடுக்கலாம். பிள்ளையின் பெயருக்கு அருகே "கூச்ச சுபாவம்" என்று குறிக்க வேண்டாம். முடிச்சுப் போடுவதிலா, சமையலிலா, வழியை நினைவில் வைப்பதிலா, எந்த வேலையில் அதற்குக் கை பழகியிருக்கிறது என்பதை எழுதிக் கொடுங்கள்.