தேடுபெட்டியில் அகப்படாத 'தமிழன்'

'டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்' என்னும் சொல் கலைக் கல்லூரிகளின் பயிலரங்குகளில் அடிக்கடி ஒலிக்கத் தொடங்கியுள்ளது. எண்மிய மானுடப்புலம் என்று தமிழில் சொல்கிறார்கள். பழைய நூல்களையும் இதழ்களையும் கணினியில் தேடக்கூடிய எழுத்தாக்குவது, விளக்கக்குறிப்பு இடுவது, பல்லாயிரம் பக்கங்களினூடே ஒரு சொல்லின் வரலாற்றைத் தொடர்வது ஆகியவை இதன் பணிகள். மாணவர் கற்றலை இது மேம்படுத்தும் என்று ஆசிரியர்கள் நம்புகின்றனர். நம்பலாம். ஆனால், எவருடைய பக்கங்களைக் கணினிக்குள் ஏற்றப்போகிறோம்?

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு 'தமிழன்' எனப் பெயர் மாறிய அவ்விதழை 1914இல் மறையும்வரை நடத்தினார். அவ்வெழுத்துகள் ஞான. அலாய்சியஸின் விரிவான தொகுப்பாக 1999இல்தான் வெளிவந்தன. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். 85 ஆண்டு மௌனத்தை உடைக்க ஒரு கல்லூரி வளாகம் உதவியிருக்கிறது என்பதை நம் கல்லூரிகள் மறந்துவிடக் கூடாது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழுக்கு அந்த நல்வாய்ப்பும் அமையவில்லை. அதன் முழுத்தொகுதி இன்றைய வாசகர் கைக்கு எட்டுவதில்லை.

வகுப்பறையில் இது எப்படிப் பாடமாகும்? 'தமிழன்' இதழின் ஒரு பக்கத்தை மாணவரிடம் கொடுத்து எழுத்துணரி மென்பொருளில் இடச் சொல்லுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னை, லை வடிவங்களில் இன்றைய எழுத்துக்குப் பழகிய பொறி தடுமாறும். அப்பிழைகளைத் திருத்தும் மாணவர் ஒவ்வொரு வரியையும் இருமுறை படித்தாக வேண்டும். தேர்வுக்கான குறிப்பேடு தராத நெருக்கமான வாசிப்பு அது.

அடுத்து வருவது பட்டியலிடல். என் பார்வையில் அரசியல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பண்டிதர் தம் மக்களைப் பூர்வ பௌத்தர் என்றும் சாதிபேதமற்ற திராவிடர் என்றும் அழைத்தார். விளக்கக்குறிப்பு இடுபவர் அதனை விட்டுவிட்டு, காலனிய ஆவணங்கள் சூட்டிய சாதிப் பெயரை மட்டும் தேடுசொல்லாகப் பதிவாரேயானால், இழிபெயரை மறுத்தவரை அதே இழிபெயரைத் தட்டச்சு செய்துதான் கண்டுபிடிக்க முடியும். பௌத்தம் என்று தேடும் மாணவருக்கு அவர் அகப்படவே மாட்டார். கணினி சாதி பார்க்காது என்பார்கள். பட்டியல் எழுதும் கை பார்க்கும். எந்தச் சொல்லின்கீழ் ஒரு கட்டுரையை வைப்பது என்று மாணவர்கள் தங்களுக்குள் வாதிட்டு முடிவெடுக்கும் அந்த ஒரு மணி நேரம், சமூகவியல் வகுப்புக்குச் சற்றும் குறைந்ததன்று.

பதிப்புரிமையைக் காட்டி அஞ்சுவோருக்கு ஒரு விளக்கம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் தம் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துக்கான உரிமை அவர் இறந்த 60 ஆண்டுகளுக்குப்பின் முடிவடைகிறது. 1914இல் மறைந்த பண்டிதரின் இதழ் எழுத்தும் 1945இல் மறைந்த சீனிவாசனின் இதழ் எழுத்தும் இன்று பொதுச்சொத்து. பின்னாளைய பதிப்பாசிரியர்களின் முன்னுரைக்கும் அடிக்குறிப்புக்கும் தனி உரிமை உண்டு. ஆகவே மூல இதழிலிருந்தே தொடங்குவது நல்லது.

எச்சரிக்கை தேவைப்படும் இடம் வேறு. முதல் தலைமுறைப் பட்டதாரி தட்டச்சு செய்ய, பேராசிரியர் பெயரில் கட்டுரை வெளிவருவது டிஜிட்டல் உழைப்பிலும் நிகழக்கூடியதே. கைப்பேசித் திரையில் மட்டுமே படிக்கும் மாணவரிடம் வீட்டிலிருந்து பக்கங்களைத் திருத்திவரச் சொல்வதும் சுரண்டலே. பாடத்திட்டக் குழுக்களிடம் மாணவர் அமைப்புகள் மூன்றை எழுத்தில் கேட்கட்டும்: திருத்திய பக்கத்தில் திருத்தியவர் பெயர், அப்பணிக்கு மதிப்பெண், மாலையிலும் திறந்திருக்கும் கணினி ஆய்வகம்.