மாலைக்கு நீட்டிய கழுத்து

ராஜா தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஏறக்குறையப் பத்து மாதம். 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, இருபதைச் சற்றே தாண்டிய வயதில் செத்தான். அன்றிலிருந்து முந்நூறு ஆண்டுகளாக அவனுக்கு ரசிகர் கூட்டம் குறையவில்லை. தெருவில் பாடினார்கள், கூத்தாடினார்கள், பெரிய எழுத்துப் புத்தகமாகப் போட்டு விற்றார்கள், 1960இல் எம்.ஜி.ஆரைக் குதிரையில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். செஞ்சிக் கோட்டை நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனையோ கை மாறியது. 1677இல் சிவாஜி பிடித்தார் என்ற காரணத்தால்தான் 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியக் கோட்டைகள் என்று சேர்த்த பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஆள் கேட்பது தேசிங்கு ராஜா கோட்டைக்கு எப்படிப் போவது என்றுதான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கதைப்பாட்டு. அதைக் கட்டியவர் யார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். கதாபாத்திரத்துக்குக் கிடைத்த மாலையில் ஒரு பூகூட ஆசிரியருக்குப் போகவில்லை. அதற்காக அவர்மேல் பரிதாபப்பட வேண்டியதும் இல்லை. மணவறையிலிருந்து எழுந்து போர்க்களத்துக்கு ஓடி வந்த தேசிங்கின் நண்பன் மோவுத்துக்காரனை ஏன் சாகவிட்டீர் என்று அவர் வீட்டு வாசலில் யாரும் நிற்கவில்லை. அவர் பாட்டைக் குறை சொன்னவனை அவர் பெயரைச் சொல்லி அடிக்க ஆள் கிளம்பியதும் இல்லை.

இன்றைய எழுத்தாளருக்கு அந்த நிம்மதி இல்லை என்பது உண்மை. அவருக்கும் ரசிகர் கூட்டம் வந்துவிட்டது. வரட்டும்; புத்தகம் படிக்கிற ஜனம் கூடுவதில் நமக்கு மகிழ்ச்சியே. அந்தக் கூட்டத்தின் முன்னால் எழுத்தாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் நமக்கு வழக்கு.

எந்த ஊர் நூல் வெளியீட்டு விழாவுக்குப் போனாலும் காட்சி ஏறத்தாழ ஒன்றே. ஐந்தரை மணி என்று அழைப்பிதழில் போட்டிருக்கும், ஏழு மணிக்குத் தொடங்கும். பொன்னாடை போர்த்த வரிசை. செல்ஃபி எடுக்க இன்னொரு வரிசை, முதல் வரிசையை விட நீளமாக. பாராட்டுரை பேசுகிற ஆறு பேரில் நான்கு பேர் புத்தகத்தை முழுக்கப் படித்திருக்க மாட்டார்கள், ஆனால் எழுத்தாளரோடு காரில் எங்கோ போன கதை எல்லோரிடமும் இருக்கும். கடைசியில் நேரம் கிடைத்தால் கேள்விகள். பின்வரிசையில் ஒரு பள்ளி ஆசிரியரோ கல்லூரி மாணவியோ எழுந்து, நாவலின் பிற்பகுதி முன்பகுதிக்கு ஒட்டவில்லையே என்று கேட்டுவிட்டால் போதும். "முழுசாப் படிச்சிட்டு வந்து பேசுங்க" என்று ஒரு குரல். "உட்காருங்க சார்" என்று இன்னொன்று. சிரிப்பு. கேட்டவர் உட்கார்ந்துவிடுகிறார். மேடையில் எழுத்தாளர் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறார். அன்றிரவே கேள்வி கேட்டவரின் கைப்பேசிக்கு அர்ச்சனை போய்ச் சேர்ந்துவிடும். அதைப் பற்றி எழுத்தாளரிடம் கேட்டால், "எனக்குத் தெரியாது, பிரியத்தில் செய்கிறார்கள்" என்பார்.

இந்த இடத்தில் ரசிகர்களைத் திட்டித் தலையங்கத்தை முடித்துவிடுவது எளிது. நாம் எழுத்தாளரைத்தான் கூண்டில் ஏற்றுகிறோம். அந்தக் கூட்டத்தை ஒரு வார்த்தையில் அடக்கக்கூடியவர் அரங்கில் அவர் ஒருவர்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் மூடியைத் திருகியது குற்றம்.

ரசிகரை எப்படி நடத்துவது என்பதற்கு நம் பக்கத்து ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு. 1908 முதல் பத்தாண்டுகள் பாரதி புதுச்சேரியில் இருந்தார். அங்கே கனக சுப்புரத்தினம் என்ற இளம் ஆசிரியர் அவர்மேல் அளவில்லாத பக்தி கொண்டார். தன் பெயரையே பாரதிதாசன் என்று மாற்றிக்கொள்கிற அளவுக்கு. பாரதி அந்தப் பக்தியை என்ன செய்தார்? எங்கே, ஒரு பாட்டு எழுது பார்க்கலாம் என்றார். எழுதியதும், தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு குறிப்போடு சுதேசமித்திரனுக்கு அனுப்பி வைத்தார். வந்தவனைப் பல்லக்குத் தூக்க வைக்கவில்லை, பேனா பிடிக்க வைத்தார். அந்த ரசிகர் பிற்பாடு சுயமரியாதை இயக்கத்துக்குப் போய், பராசக்தியைப் பாடிய குருவுக்கு நேர் எதிரான திசையில் நடந்தார். பெயரில் தாசன், கொள்கையில் தனி ஆள். இப்படி ஒரு ரசிகர் இன்றைய எழுத்தாளருக்குக் கிடைத்தால் துரோகி என்று கூட்டத்தை விட்டுத் தள்ளி வைத்திருப்பார்கள்.

பாரதி மறைந்த பிறகு அவருடைய ரசிகர்கள் போட்ட சண்டையும் நினைவுகூரத் தக்கது. 1930களின் நடுவில் பாரதியை மகாகவி என்று சொல்லலாமா என்று பெரிய வாக்குவாதம் கிளம்பியது. மகாகவிதான் என்று வ.ரா. ஒரு பக்கம், அப்படிச் சொல்ல முடியாது என்று கல்கி மறுபக்கம். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் கல்கிக்குப் பதில் சொல்லக் கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். அது 'கண்ணன் என் கவி' என்று புத்தகமாகவே வந்தது. சூடு இருந்தது, குத்தல் இருந்தது, ஆனால் பேச்சு கவிதையைப் பற்றி இருந்தது. அந்தக் கல்கியேதான் பிறகு வாசகர்களிடம் நிதி திரட்டி எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பினார். 1947இல் திறப்பு விழா நடந்தது. எதிர்த்து எழுதியவன் எதிரி என்று அன்றைக்கே முத்திரை குத்தி ஒதுக்கியிருந்தால் அந்த மண்டபம் அவர் கையால் எழும்பியிருக்காது.

கல்கிக்கே அமைந்த ரசிகர் கூட்டத்துக்குத் தமிழில் இணை சொல்வது கடினம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரம் தவறாமல் வந்தது. முடிந்தபோது வாசகர்களுக்குத் திருப்தி இல்லை: இவர் என்ன ஆனார், அவளை யார் மணந்தார், இப்படித் திடுதிப்பென்று நிறுத்தலாமா என்று கேட்டார்கள். கல்கி கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று சொன்னார். அதற்காகக் கதையைத் திறந்து இன்னொரு பாகம் சேர்த்துவிடவும் இல்லை. கேட்டதற்கு மரியாதையாகப் பதில், கதையில் கை வைக்க இடமில்லை. இந்த அளவு சரியான அளவு. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். 2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது, நந்தினிக்கு இவர் முகம் பொருந்துமா என்று எழுபது வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளோடு மல்லுக்கு நின்றார்கள். அது ஆனந்தமான சண்டை. அதில் யாருக்கும் காயமில்லை.

ஜெயகாந்தன் விஷயம் வேறு. 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் நின்ற கல்லூரிப் பெண் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிக் கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள். தமிழ்நாடு இரண்டுபட்டது. கொண்டாடியவர்கள் உண்டு, வாயில் வந்தபடி ஏசியவர்களும் உண்டு. அவர் கூட்டத்தைத் திரட்டவில்லை. யாரும் எளிதில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார்: தன் கதைக்கு எதிர்க்கதையைத் தானே எழுதினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் தாய் மன்னிக்கவில்லை, ஊரைக் கூட்டிக் கத்திவிடுகிறாள், அந்தக் கத்தலில் மகள் கங்காவின் வாழ்க்கை தடம் புரள்கிறது. அந்தக் கங்காவே பத்திரிகையில் ஒரு கதையைப் படிக்கிறாள். மகளை மன்னித்த தாயின் கதை. எழுதியவர் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர். ரசிகரும் எதிரியும் கேட்ட கேள்விகள் எல்லாம் நாவலுக்குள்ளேயே நடமாடின. 1972இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. முதல் கதையை எழுதியதற்காக மாலை போட்டவர்களுக்கு அந்த நாவல் கசந்திருக்கும். கசக்கட்டும் என்று எழுதியதுதான் ஆண்மை.

அதே ஜெயகாந்தனிடம் ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். அவருடைய மொட்டை மாடிச் சபை தமிழ் இலக்கிய உலகில் பிரசித்தம். அந்தி சாய்ந்தால் ரசிகர்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள், அவர் பேசுவார். அற்புதமான பேச்சு என்று கேட்டவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆனால் கடைசி இருபது ஆண்டுகளில் அவர் பேனாவிலிருந்து புதிதாக வந்த கதைகள் மிகக் குறைவு. எழுத்து வற்றியதால் சபை பெருகியதா, சபை பெருகியதால் எழுத்து வற்றியதா என்று நம்மால் தீர்ப்புச் சொல்ல முடியாது. கேட்க ஆள் எதிரிலேயே இருக்கும்போது எழுதி எதற்கு என்று தோன்றுவது மனித இயல்பு. அந்த இயல்பை வெல்லும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு, ஏனென்றால் மாடிக்கு வர முடியாத வாசகர்தான் பெரும்பான்மை.

செஞ்சியிலிருந்து மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் திருவண்ணாமலை. அங்கே யோகி ராம்சுரத்குமாரைத் தன் குருவாக ஏற்றவர் பாலகுமாரன். அது அவருடைய நம்பிக்கை, நாம் பேச ஒன்றுமில்லை. ஆனால் 'மெர்க்குரிப் பூக்கள்', 'இரும்புக் குதிரைகள்' எழுதியவரை வாசகர்கள் எழுத்துச் சித்தர் என்று அழைக்கத் தொடங்கினார்கள், அந்தப் பட்டம் அட்டைப்படம் வரைக்கும் வந்தது. வேண்டாம் என்று அவர் உறுதியாக மறுத்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. எழுத்தாளரிடம் நாவலின் ஏழாம் அத்தியாயம் சரியில்லை என்று சொல்லலாம். சித்தரிடம் எப்படிச் சொல்வது?

இதற்கு நேர்மாறாக ஒன்று. தன் சலவைக் கணக்கை அச்சிட்டாலும் விற்கும் என்று பத்திரிகை உலகமே சொன்ன சுஜாதா, அந்தப் புகழைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டு உட்காரவில்லை. கணையாழி இதழின் விழா மேடையில், அன்றைக்குப் பெரிதாக அறியப்படாத ஓர் இளைஞரின் 'தூர்' என்ற கவிதையை எடுத்து வாசித்தார். நா. முத்துக்குமார் என்ற பெயர் அன்றிலிருந்து தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது. சுஜாதாவைப் பார்க்க வந்த கூட்டம் முத்துக்குமாரைப் பார்த்துவிட்டுப் போனது. ஜெயமோகனின் வாசகர்கள் தொடங்கிய விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் ஆண்டுதோறும் வேறு எழுத்தாளர்களுக்கு விருது கொடுக்கிறது. முதல் விருது ஆ. மாதவனுக்குப் போனது. இந்த வட்டத்தின் மேல் ஆயிரம் விமரிசனம் இருக்கலாம். ஓர் எழுத்தாளரைச் சுற்றிக் கூடிய ஆட்களின் உழைப்பு இன்னோர் எழுத்தாளருக்குப் போகிறது என்ற வகையில் இது சரியான வேலை.

ரசிகர் ஆசைக்கு எழுத்தாளர் இணங்குவதையே நாம் குற்றமாகச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆர்தர் கோனன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார், வாசகர்கள் விடவில்லை, பத்து ஆண்டுகள் கழித்துப் பிழைக்க வைத்தார். நல்ல பணமும் கிடைத்தது. பிழைப்புக்கு எழுதுவதில் பாவம் இல்லை.

பாவம் வேறு இடத்தில் இருக்கிறது. 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகனை அவருடைய நாவலுக்காக ஒரு கூட்டம் மிரட்டியது. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவிக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அன்று தமிழ் எழுத்தாளர்கள் பலரும் கருத்துரிமைக்காகக் குரல் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். சரியான காரியம். அதே பேனாக்காரர்களில் சிலர், தங்கள் ரசிகர்கள் ஒரு விமரிசகரை வாயடைக்கும்போது மட்டும் பேச்சில்லாமல் இருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறோம். ஒன்றின் பின்னால் சாதியும் மதமும் இருந்தது, மற்றொன்றின் பின்னால் அன்பு இருக்கிறதாம். வாயடைத்துப்போன ஆளுக்கு அந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. எழுத்தாளருக்கு எதிராகக் கூட்டம் சேர்ந்தால் அராஜகம், எழுத்தாளருக்காகக் கூட்டம் சேர்ந்தால் வாசகர் பேரன்பா?

அந்த நூல் வெளியீட்டு விழாவில் எழுத்தாளர் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால் பதில் சின்னது. மேடையிலேயே எழுந்து, "அவர் கேட்கட்டும், நீங்கள் உட்காருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் திட்டு வாங்கியவரைத் தானே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். திட்டியவரின் பெயரைச் சொல்லி, இவர் என் சார்பில் பேசவில்லை என்று எழுதியிருக்கலாம். இதில் எதற்கும் செலவில்லை. ஒன்றிரண்டு ரசிகர்கள் கோபித்துக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். அந்த ஒன்றிரண்டை இழக்க மனமில்லாமல் பேசாதிருப்பவரைக் கோழை என்றே நாம் எழுதுவோம், அவர் எத்தனை நல்ல நாவல் எழுதியிருந்தாலும்.

செஞ்சி வட்டாரத்தில் இலக்கியக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாராட்டுரைகளைப் பாதியாகக் குறையுங்கள். முதல் அரை மணி நேரத்தைப் புத்தகத்தைப் படித்துவிட்டு மாறுபட்ட கருத்தோடு வந்தவர்களுக்குக் கொடுங்கள், பொன்னாடை எல்லாம் அதற்குப் பிறகு. இந்த ஏற்பாட்டை எழுத்தாளருக்கு முன்கூட்டியே கடிதத்தில் தெரிவித்துவிடுங்கள். எனக்கு இது சரிப்படாது என்று அவர் எழுதினால், அவருக்கு எடுத்த பஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அந்தத் தேதியில் வேறொருவரை அழையுங்கள்.