ஒரே வகுப்பு, பல படிகள்

பெங்களூரில் ஒரு துவக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு சிறுவன் ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். அடுத்திருக்கும் சிறுமிக்கு எழுத்து தெரியும். கூட்டிப் படிக்கத் தெரியாது. மூன்றாமவன் கட்டட வேலைக்கு வந்த பெற்றோருடன் சென்ற மாதம்தான் தர்மபுரியிலிருந்து வந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், புத்தகத்தில் ஆங்கிலம்! மூவருக்கும் ஆசிரியை ஒருவரே, பாடமும் ஒன்றே.

கர்நாடக அரசுப் பள்ளிகளில் 2007-ம் ஆண்டு முதல் ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் ஒரு பாடம். சீக்கிரம் தொடங்கினால் மட்டும் போதுமா? நாடெங்கும் கிராமப்புறங்களில் 2022-ல் நடந்த 'ஏசர்' ஆய்வில், எளிய ஆங்கில வாக்கியத்தை வாசிக்க முடிந்த ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் 24.5 சதவீதமே. 2016-ல் இது 24.7 சதவீதம். ஆறு ஆண்டுகளில் முன்னேற்றமே இல்லை.

குறை எங்கே?

பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பாராமல், புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பாடம் நடத்துவதே கோளாறு. பின்தங்கிய பிள்ளை கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுகிறது. மறு ஆண்டு இன்னும் கடினமான புத்தகம் கைக்கு வருகிறது.

இதற்கு மாற்று வழி இம்மாநிலத்திலேயே பிறந்தது. 1995-ல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டே தாலுகாவில் தொடங்கி, 2009-ல் மாநிலம் முழுவதும் பரவிய 'நலி-கலி' முறைதான் அது. கன்னடத்தில் 'நலி' என்றால் களிப்பு. நம் மொழியில் உள்ள நலிவு அல்ல! பாடங்கள் ஏணிப்படிகளாக, அட்டைகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரு குழுவுக்கு ஆசிரியர் முழுத் துணை. ஒரு குழு சக மாணவர் துணையுடன் படிக்கும். மற்றொன்று தானாகவே பயிலும். ஒரு படி தேறிய பிள்ளை அடுத்த படிக்குப் போகும்.

ஆங்கிலத்துக்கும் இதுவே ஏற்ற வழி. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லையேல் அட்டைகள் வெறும் படங்களே. 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அது ஏட்டோடு நின்றால் பயனில்லை. 'மந்தக் குழு' என்று முத்திரை குத்தி ஒரு பிள்ளையை ஆண்டு முழுவதும் ஒரே மூலையில் உட்கார வைப்பதும் கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியது

கடன் வாங்கிப் பிள்ளையைக் 'கான்வென்ட்'டில் சேர்ப்போர் நம்மில் பலர். பெயர்ப் பலகையில் ஆங்கிலம் இருந்தால் போதாது. அங்கும் எல்லோருக்கும் ஒரே பாடம் என்றால், கட்டணத்துக்கு மேல் டியூஷன் செலவுதான் மிஞ்சும். ஆகவே "எத்தனை மார்க்?" என்பதோடு நிறுத்தாமல், "என் பிள்ளை எந்த அளவுக்கு வாசிக்கிறான்? அடுத்த படிக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அரசுப் பள்ளியானால், பெற்றோர் அடங்கிய பள்ளி வளர்ச்சி மேற்பார்வைக் குழுவில் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நமக்கு ஆங்கிலம் வராதே என்று ஒதுங்க வேண்டாம். இரவு ஷிப்டுக்குப் புறப்படுமுன் பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பொருள் புரிந்ததா, வெறும் ஒப்பிப்பா என்பது அப்போதே தெரிந்துவிடும்.