பாலம் அகலமானது, பொறுமை?

கல்லடியின் பழைய இரும்புப் பாலம் நினைவிருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்களே போகலாம். எதிரே பஸ் ஏறிவிட்டால் இக்கரையில் காத்து நிற்கத்தான் வேண்டும். அது நமக்குப் பொறுமையைப் பழக்கியது.

2013 மார்ச்சில் பக்கத்திலேயே அகலமான புதிய பாலம் திறக்கப்பட்டது. காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவோருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் காத்திருப்பு போனதோடு நிதானமும் போய்விட்டது. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர், தலைக்கவசமின்றி, பஸ்ஸை முந்துகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி எடுத்தாலும், அதற்குள் சுமார் 17 மீட்டர் ஓடிவிடுவார். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். பாலத்திலோ ஒதுங்குவதற்கு மண்ணோரம் கிடையாது.

நிதானமாகப் போனாலும் பாலத்தைக் கடக்க ஒரு நிமிஷம் ஆகாது. அதில் எவ்வளவு மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

பெற்றோரே, லைசென்ஸ் இல்லாத பிள்ளைக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள். இருக்கிற பிள்ளையிடமும் "கெதியா வா" என்று சொல்லாதீர்கள். "பார்த்து வா மகன், கஞ்சி ஆறினால் சூடாக்கித் தாறேன்" என்று சொல்லி அனுப்புங்கள்.