பழைய தையல் மெஷினை இரும்பு விலைக்குக் கொடுக்காதீர்கள்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளுக்குப் போகும்போது நான் அடிக்கடி காண்பது காலால் மிதிக்கும் கறுப்பு சிங்கர் மெஷினை. உம்மம்மா காலத்துச் சாமான். இடம்பெயர்ந்தபோது மேல் பாகத்தை மட்டும் கழற்றித் தூக்கிச் சென்றவர்கள் உண்டு. 2004 சுனாமியில் உப்புத் தண்ணீரில் கிடந்ததை மண்ணெண்ணெயால் கழுவித் திரும்பத் தைத்தவர்களும் உண்டு. கணவரை இழந்த பலரின் வீட்டில் இன்றும் அதனால்தான் அடுப்பு எரிகிறது.

சிங்கர் கம்பனி 1877இலேயே கொழும்பில் கடை திறந்துவிட்டது. ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் இருந்த அதன் பெரிய தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அங்கு செய்த மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. உங்கள் மெஷினில் பொறித்துள்ள இலக்கத்தைப் பாருங்கள். அதற்கு முன் ஒரே ஒரு ஆங்கில எழுத்து இருந்தால், அது பெரும்பாலும் 1900க்கும் 1935க்கும் இடையில் செய்யப்பட்டது. இரண்டு எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தியது.

இத்தனை காலம் உழைப்பதற்குக் காரணம், உடல் வார்ப்பிரும்பு, உள்ளே உருக்கு. பிளாஸ்டிக் பல்சக்கரம் இல்லை. மின்சாரமும் வேண்டாம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோதும் இந்த மெஷின்கள் நிற்கவில்லை. பதினைந்தாம் ரக மெஷினுக்குரிய ஊசியும் பொபினும் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன.

இப்போது சில இடங்களில், பழையதை இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு புதிய மின்சார மெஷினை வாராந்தத் தவணைக்குக் கொடுக்கிறார்கள். நான் சந்தித்த ஒரு சகோதரி அப்படி மாற்றினார். பெருநாள் முடிந்து தையல் குறைந்த மாதங்களில் தவணை கட்ட முடியவில்லை. புதிய மெஷினைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். பழையதும் இல்லை.

புதியது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓவர்லொக் வேலைக்கு அதற்குரிய மெஷின் தேவைதான். ஆனால் கையெழுத்திடுமுன், வேலை குறைந்த மாதத்தின் வருமானத்தை வைத்துக் கணக்குப் பாருங்கள். வேகம் மட்டும்தான் தேவை என்றால், பழைய மெஷினுக்கே சிறிய மோட்டார் பூட்டலாம்.

பராமரிப்பும் கடினமல்ல. பொபின் பக்கத்துப் பஞ்சைத் தூரிகையால் அகற்றுங்கள். எண்ணெய்த் துளைகளில் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது பிசினாகி இறுகிவிடும். இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தோல் பட்டி தளர்ந்தால் சிறிது வெட்டி மீண்டும் கொழுவுங்கள்.

உம்மம்மாமார் பலரும் அதைத் தவணைக்கே வாங்கியிருப்பார்கள். ஆனால் அந்தத் தவணை எப்போதோ முடிந்துவிட்டது. இன்று அது யாருக்கும் கடனில்லாத உங்கள் சொத்து.