வானத்திலிருந்து வாசல் தெரியாது

செயற்கைக்கோளும் ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்ட பிறகு, வரைபடம் போட மக்களிடம் போய் நிற்பானேன் என்ற கேள்வி அரசு அலுவலகங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் அடிக்கடி எழுகிறது. புவிசார் தரவு மீதான பழைய கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கையும் வந்தது. அதற்குப் பிறகு இந்த வாதத்துக்கு வலு கூடியிருக்கிறது. நிபுணர்கள் முதலில் துல்லியமான தரவைத் திரட்டட்டும், அமைப்பைக் கட்டி முடிக்கட்டும், பயன்படுத்துகிறவர்கள் பிறகு வந்து பழகிக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். கொல்கத்தாவின் அனுபவத்தில் உரசிப் பார்த்தால் இந்த வாதத்தின் எந்தப் பகுதியும் தேறவில்லை.

கொல்கத்தாவுக்கு வரைபடம் புதிதல்ல. இந்திய நில அளவைத் துறை 1767இல் வங்காளத்தில்தான் பிறந்தது. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே தொடங்கிய பெரும் முக்கோண அளவைக்காக 1830களில் பாரக்பூர் சாலையோரம் எழுப்பிய கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்ட ராதாநாத் சிக்தார் இந்த ஊர்க்காரர். தேசிய வரைபடத் தொகுப்பு நிறுவனம் 1956 முதல் இங்குதான் இயங்குகிறது. இப்படிப்பட்ட நகரத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 45 லட்சம் மக்களில் 14 லட்சம் பேர் பஸ்தி எனப்படும் குடிசைப்பகுதிகளில் வாழ்ந்தார்கள். அவர்களில் பலருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு முகவரி இல்லை. நிபுணர்களுக்குப் பஞ்சமில்லாத ஊரில் ஏன் இந்த நிலை?

வானத்திலிருந்து எல்லாம் தெரிகிறது என்பது முதல் வாதம். கொல்கத்தாவின் பழைய பஸ்தி ஒன்றை மேலிருந்து பார்த்தால் ஓட்டுக்கூரை தெரியும். அதன் கீழே நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம். நிலம் ஒருவருடையது, குடிசையைக் கட்டியவர் வேறொருவர், அறையில் குடியிருப்பவர் மூன்றாமவர். இந்த மூன்றடுக்கு உறவை எந்தக் கேமராவும் படம் பிடிக்காது.

கொல்கத்தாவின் ரிஷி அரவிந்தர் காலனி என்ற குடியிருப்பு ஒருகாலத்தில் இணைய வரைபடங்களில் வெற்றிடமாக இருந்தது. அதை நிரப்பியவர்கள் அங்கேயே வளர்ந்த சிறுவர் சிறுமியர். வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு வந்த அம்லான் கங்குலி தொடங்கிய ‘பிரயாசம்’ அமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது. வீடுவீடாகப் போய், சந்து சந்தாக எண்ணி, கையால் வரைந்தார்கள். போலியோ சொட்டு மருந்து நாளன்று குழந்தைகளை அழைத்து வருவதற்கும், குடிநீர்க் குழாய் எங்கே இல்லை என்று காட்டுவதற்கும் அந்த வரைபடம் பயன்பட்டது. 2013இல் வெளிவந்த ‘தி ரெவல்யூஷனரி ஆப்டிமிஸ்ட்ஸ்’ ஆவணப்படம் இவர்களைப் பற்றியதுதான்.

சொட்டு மருந்து இயக்கமே இதற்குப் பெரிய சான்று. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி, ஹூக்ளி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஹௌரா மாவட்டத்தில் 2011 ஜனவரியில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச்சில் நாடு போலியோவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றிக்கு உதவிய தரவு அமைப்பு எது? பணியாளர்கள் கையால் வரைந்த பகுதிப்படங்களும், கதவுகளில் சாக்குக்கட்டியால் எழுதிய ‘பி’, ‘எக்ஸ்’ என்ற இரண்டு எழுத்துகளும். ‘எக்ஸ்’ போட்ட வீட்டுக்கு மறுபடி போக வேண்டும். தரவைச் சேகரித்தவரே அதைப் பயன்படுத்தியவர். அதனால்தான் பிழை அடுத்த நாளே தெரிந்தது, திருத்தவும் முடிந்தது.

பொதுமக்கள் தரும் தரவில் துல்லியம் இருக்காது என்பது அடுத்த வாதம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் முகி ஹாக்லே, தன்னார்வலர்களின் ‘ஓபன் ஸ்ட்ரீட் மேப்’ வரைபடத்தைப் பிரிட்டனின் அரசு அளவைத் தரவோடு ஒப்பிட்டு 2010இல் ஆய்வு வெளியிட்டார். சராசரி வேறுபாடு சுமார் 6 மீட்டர். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு இது போதும், மனைக்கு எல்லைக்கல் நடுபவருக்குப் போதாது. எவ்வளவு துல்லியம் தேவை என்பதைப் பயன்படுத்துகிறவரைக் கேட்காமல் முடிவு செய்ய இயலாது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நகரவாசிகள் தன்னார்வ வரைபடம் ஒன்றில் 2,500க்கும் மேற்பட்ட தெருக்களை வெள்ளம் சூழ்ந்தவையாகக் குறித்தார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியிருந்தது எந்த வழியில் போகலாம் என்ற தகவல். சென்டிமீட்டர்க் கணக்கு அன்று யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஏழைப் பகுதிகளில் தன்னார்வ வரைபடமும் மெலிந்தே இருந்தது. திறந்துவிட்டால் மக்கள் தாமாக வந்து நிரப்பிவிடுவார்கள் என்று நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது.

என்ன தேவை என்பது நிபுணர்களுக்குத் தெரியும் என்ற மூன்றாவது வாதம்தான் மிகவும் ஆபத்தானது. இதற்கான பதில் நகரின் கிழக்கு விளிம்பில், சுமார் 12,500 ஹெக்டேரில் விரிந்து கிடக்கிறது.

கொல்கத்தாவின் நிலம் ஹூக்ளியிலிருந்து விலகிக் கிழக்கு நோக்கிச் சரிகிறது. கழிவுநீரும் அந்தப் பக்கமே போகிறது. 1980களின் தொடக்கத்தில், அது எங்கே போய் என்ன ஆகிறது என்று அறிய மாநில அரசின் பொறியாளர் துருவஜோதி கோஷ் கால்வாய்களைப் பின்பற்றிச் சென்றார். அங்கே கண்டது பேரி எனப்படும் மீன்குளங்களை. கழிவுநீரை ஆழமில்லாத குளங்களில் விட்டு, வெயிலும் பாசியும் தம் வேலையைச் செய்யும்வரை காத்திருந்து, பிறகு மீன் வளர்க்கிறார்கள். கரை அரிக்காமலிருக்க ஓரத்தில் ஆகாயத்தாமரையைக் கட்டி வைக்கிறார்கள். எப்போது மடையைத் திறப்பது என்பதை நீரின் நிறமும் மணமும் அவர்களுக்குச் சொல்லிவிடும். பல நகரங்கள் பெரும் செலவில் ஆலை கட்டிச் செய்யும் சுத்திகரிப்பை இங்கே மீனவர்களும் விவசாயிகளும் தலைமுறைகளாகச் செய்துவந்தார்கள். நகரத்துக்கு மீனும் காய்கறியும் கிடைத்தது கூடுதல் லாபம்.

அன்றைய திட்ட வரைபடங்களின் கண்ணுக்கு இது வீடு கட்டக் காத்திருக்கும் சதுப்பு. கோஷ் மீனவர்களிடம் கேட்டுக் கற்று, எந்தக் குளம், எந்த வாய்க்கால், எந்த வயல் இந்தச் சுழற்சியில் சேர்ந்தது என்று வகைப்படுத்தி, கழிவு மறுசுழற்சிப் பகுதி என்ற எல்லையை வரைபடத்தில் ஏற்றினார். ‘பப்ளிக்’ என்ற குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் கல்கத்தா உயர்நீதிமன்றம் 1992இல் அப்பகுதியின் நிலப் பயன்பாட்டை மாற்றத் தடை விதித்தது. 2002இல் ராம்சர் எனப்படும் பன்னாட்டுச் சதுப்புநில உடன்படிக்கையின் தகுதி, 2006இல் தனிச்சட்டம். ஆக்கிரமிப்பு இன்னும் நின்றபாடில்லை. ஆனாலும் எல்லை இதுதான் என்று காட்ட ஓர் ஆவணம் இருப்பதால்தான் அதை எதிர்த்துப் பேசவே முடிகிறது. சாதாரண மக்களின் அறிவை அறிவென்றே ஒப்புக்கொள்ளாத போக்கைக் கோஷ் ஒருவகைத் தீண்டாமையாகவே கருதினார். 2018இல் மறையும்வரை அவர் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தொழில்நுட்பம் தானே வேலை செய்யும் என்பது நான்காவது வாதம். கூகுள் உருவாக்கிய ‘பிளஸ் கோட்’ பூமியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தருகிறது. இலவசம், இணையம் இல்லாமலும் கணக்கிடலாம். அயர்லாந்தைச் சேர்ந்த ‘அட்ரஸிங் தி அன்அட்ரஸ்டு’ அமைப்பு கொல்கத்தா பஸ்திகளில் இந்தக் குறியீட்டைப் பலகையில் எழுதி வீட்டுக் கதவுகளில் பொருத்துகிறது. குறியீடு ஒரு நொடியில் கிடைத்துவிடும். சந்துக்குள் நடந்து, எது வாசல் என்று கேட்டு, பலகையை அடிப்பதற்கு ஆள் வேண்டும். தபால்காரரும் வங்கி ஊழியரும் அதை முகவரியாக ஏற்க வேண்டும். குடியிருப்பவர் அதைத் தன் முகவரி என்று சொல்லத் துணிய வேண்டும். இவ்வளவும் மனிதர்கள் கூடிச் செய்கிற வேலை.

கூட்டம் போட்டால் காலமும் பணமும் வீண் என்பது கடைசி வாதம். பெயருக்கு நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பற்றியது என்றால் ஒப்புக்கொள்ளலாம். இங்கே பேசுவது வேறு. ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் 1991இல் வெளிவந்த தங்கள் நூலில், லைபீரியத் தையற்காரர்களையும் யுகடான் மருத்துவச்சிகளையும் பற்றிய ஆய்வுகளைக் கொண்டு, ஒரே வேலையைச் செய்கிறவர்கள் கூடிப் பழகுவதிலேயே கற்றல் நிகழ்கிறது என்று காட்டினார்கள். அத்தகைய தொழில்வட்டம் தொடர்ந்து கூடும், தரவின் பிழையைத் தன் பிழையாகவே கருதும். அதிலும் ஆபத்து உண்டு. பேரியில் குத்தகைதாரரின் குரலும் பஸ்தியில் குடிசைச் சொந்தக்காரரின் குரலும் கூலியாளின், வாடகைக்கு இருப்பவரின் குரலை எளிதில் அமுக்கிவிடும். ஆகவே யார் யார் உட்காருகிறார்கள் என்பதை முன்கூட்டியே வகுக்க வேண்டும், ஒருநாள் கூலியை இழந்து வருபவருக்கு ஈடு தர வேண்டும், நிபுணர் சரிபார்க்க வேண்டும். இந்தச் செலவு, யாரும் திறந்து பார்க்காத ஒரு தளத்தைக் கட்டும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதையல்ல. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புடன் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லை எது என்ற தகராறு 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் விசாரணைக்கு வந்தது. எல்லையை வரையும் அதிகாரிகள் செயற்கைக்கோள் படத்தோடு நின்றுவிடாமல், அங்கே வலை வீசியவர்களையும் மாடு மேய்த்தவர்களையும் மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அறிந்த குடியிருப்பாளர்களையும் அதே மேசைக்கு அழைக்க வேண்டும். எல்லைக்கோடு போட்ட பிறகு அழைத்துப் பயனில்லை, இப்போதே அழைக்க வேண்டும்.