பாட்டனார் முகத்தில் சதுரங்கம்

சேதராப்பட்டிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். காலஞ்சென்ற பாட்டனாரின் படம் குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டாம். சென்னையிலுள்ள உறவினர் இரவில் விளக்கடியில் அதைச் செல்பேசியால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெரிதாக்கிச் சட்டம் போட முனைந்தால், முகமெங்கும் சதுரங்கக் கட்டங்கள். அங்கவஸ்திரத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள். இவற்றை அகற்ற மார்க்கம் உண்டா என்று கேட்கிறார்.

கட்டங்கள் வேறு, புள்ளிகள் வேறு. படத்தை இலேசாக்கும் 'ஜேபெக்' முறை, அதை எட்டுக்கு எட்டாக, 64 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாக வகுத்து, கண் எளிதில் கவனியாத நுட்பங்களைக் கழித்துவிடுகிறது. இதற்கு ஆதாரமான கணிதத்தை 1974-இல் வெளியிட்டவர் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். ஆராய்ச்சிக்கு நசீர் அகமது பொருளுதவி கோரியபோது அமெரிக்காவில் மறுத்துவிட்டார்கள் என்பது வேடிக்கை! கணிதத்தின் மேல் குற்றமில்லை. அளவு மீறிக் கழித்தால்தான் கட்டங்களின் எல்லை வெளியே தெரிகிறது. மறுபடி மறுபடி சுருக்கினால் இன்னும் கேடு.

புள்ளிகளோ வெளிச்சக் குறைவால் வந்தவை. தூறல் விழுந்த முற்றம் திட்டுத் திட்டாக நனைகிறது. பெருமழையில் ஒரே சீராக நனைகிறது. ஒளியின் கதையும் அதுவே. அசையாமல் நான்கு படம் எடுத்துச் சராசரி கண்டால் புள்ளிகள் பாதியாகும்.

கணிப்பொறியில் இரண்டையும் மழுப்பலாம். ஆனால் புள்ளியோடு முகச் சுருக்கமும் மறையும். இக்காலத்துச் செயற்கை அறிவு முகத்தைப் பளபளவென்று தீட்டித் தரும். அது அனுமானித்த முகம். அதற்கு மாலை போடுவானேன்?

புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழம்படங்களைப் பிரதி செய்தபோது, சுருக்காத 'டிஃப்' கோப்பாகவே காப்பாற்றினார்கள். அன்பரும் உறவினர் வீட்டுப் பெட்டியிலுள்ள மூலப் படத்தைத் தேடட்டும். ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து எடுக்கலாம். அதற்கு வசதியில்லையேல், கண்ணாடியைக் கழற்றி, பகலில் திண்ணை நிழலில் வைத்துப் படம் பிடிக்கலாம். அனுப்பும்போது 'போட்டோ'வாக அல்ல, 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு குறையாமல் வந்து சேரும்.